ஜென்னி லிண்ட் அம்மையாரும் அவையச்சமும்

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலுள் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்தார். தெய்வமும், கொடுவிலங்கும், கள்வரும், தம்மை ஆளும் இறையும் அந்நான்காம். மன்றில் வரிசையாக அமர்ந்து, யாதொரு தீங்கும் எண்ணாது, கேட்டு மகிழ்வதற்கென்றே வந்திருக்கும் நன்மக்களைக் கண்டும் ஒருவன் அஞ்சக்கூடும் என்பதை அவர் அங்குக் கூறிற்றிலர். அக்குறையைத் திருவள்ளுவனார் நிறைவு செய்தார் போலும். அவையஞ்சாமை என ஓர் அதிகாரமே தனியே அமைத்தார். எனினும் அவர் கருதியது அவைக்கண் சொல்லாடுவோரை. சொல்லாடுவோனுக்கு ஒரு சொல் தவறினால் மற்றொரு சொல் கைகொடுக்கும். பாடுவோனுக்கோ அச்சத்தின் இருப்பிடமும் கருவியின் இருப்பிடமும் ஒன்றே. வீணை மீட்டுவோன் விரல் நடுங்கினும் வீணை நடுங்குவதில்லை. பாடுவோன் நடுங்கினால் அவன் வீணையே நடுங்குகின்றது.

இஃது எமக்கு ஏட்டறிவு அன்று. சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்புக் கீதாராதனையில் தனித்துப் பாடும் பகுதி ஒன்று எம்பால் ஒப்புவிக்கப்பட்டது. ஆறு வாரம் பழகினோம். ஆராதனை மாலையில் எழுந்து நின்றோம், முதலடி வந்தது, இரண்டாமடி வரவில்லை. ஆர்மோனியம் எமக்காக இருமுறை திரும்பி வந்து காத்தது. பின்னர்ப் பாடகர் குழுவினர் அப்பகுதியைத் தாமே எடுத்துப் பாடி முடித்தனர். குழுத்தலைவர் எம்மை ஒரு சொல்லாலும் கடிந்திலர். அதுவே எமக்குப் பெரியதொரு கடிதலாயிற்று. இவ்வாண்டும் அப்பகுதியை எமக்கே அளித்திருக்கின்றார். இசைவு கூறவும் மறுக்கவும் மாட்டாமல் நாள் கடத்திக்கொண்டிருந்த வேளையில், நூல்நிலையத்தில் ஜென்னி லிண்ட் என்னும் சுவீடன் நாட்டு அம்மையாரின் வரலாறு எம் கைக்கு எட்டியது. ஐரோப்பாவில் இரவில் பாடும் சிறு புள் ஒன்றின் பெயரால் அவரைச் சுவீடன் நாட்டு நைட்டிங்கேல் என வழங்குவர். நம்மவர் குயில் என்று கொள்ளினும் இழுக்கில்லை. அச்சமே அறியாத ஒரு வீராங்கனையின் கதையை எதிர்பார்த்தே அந்நூலைத் திறந்தோம். கண்டது வேறு. கண்டவாறே ஈண்டு உரைக்கின்றோம்.

ஜென்னி 1820-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தாள். தந்தையால் குடும்பத்திற்கு விளைந்த பயன் சிறிது. தாய் வீட்டிலேயே சிறுமியர்க்குப் பள்ளி நடத்திப் பொருள் ஈட்டினார். கல்வியுடையவர், ஆனால் கடுஞ்சொல்லினர். குழந்தை பெரும்பாலும் பிறர் வீடுகளிலும், பின்னர்த் தன் பாட்டியிடத்தும் வளர்ந்தது.

அவளுக்கு மூன்று வயதளவில் நிகழ்ந்த செய்தி ஒன்று உண்டு. தெருவழியே சென்ற படைவீரர் ஊதிய கொம்பின் இசை அவள் காதில் விழுந்தது. வீட்டில் ஒருவரும் அருகில் இல்லை எனக் கண்டு, அங்கிருந்த பியானோவின் மேல் எட்டி, ஒரு விரலால் அவ்விசையை அப்படியே தடவி எடுத்தாள். உள்ளறையில் இருந்த பாட்டியார், தாயின் முதல் மணத்துப் பிறந்த மூத்த பெண்ணே வாசிக்கின்றாள் என்று எண்ணி அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். ஜென்னி நடுங்கிப்போய்ப் பியானோவின் அடியில் புகுந்து ஒளிந்துகொண்டாள். பாட்டியார் வந்து இழுத்தெடுத்துப் பார்த்து வியந்து, இக்குழந்தையால் உனக்கு ஒரு நாள் உதவி வரும் என்று தாயிடம் சொன்னாராம். பாட்டியார் கண்டது அவள் செவியின் நுட்பத்தை. எமக்கோ அப்பியானோவின் அடியே கண்முன் நிற்கின்றது. தன் முதல் இசையை எழுப்பிய அந்நொடியிலேயே ஒளிந்துகொள்ள இடம் தேடிய குழந்தை அவள்.

ஒன்பது வயதில் அவள் சன்னலோரத்தில் அமர்ந்து, கழுத்தில் நீலநாடா கட்டிய பூனை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அதற்குப் பாடுவது வழக்கம். பூனைக்குப் பாடுவதில் அச்சமில்லை அன்றோ? அவ்வழியே தேவாலயத்திற்குச் செல்வோர் நின்று கேட்பர். அவ்வாறு கேட்டவருள் ஒருத்தி அரசவை நாடக அரங்கில் ஆடிய லுண்ட்பெர்க் என்னும் நங்கையின் பணிப்பெண். அவள் வாயிலாகச் செய்தி நங்கைக்கும், நங்கை வாயிலாக அரங்கின் இசையாசிரியர் குரோலியஸுக்கும் எட்டியது. முதியவராகிய குரோலியஸ் சிறுமியின் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் சிந்தி, அரங்கின் தலைவரான பிரபுவிடம் அவளை அழைத்துச் சென்றார். மெலிந்து, அழகின்றி, கூச்சத்தால் குறுகி நின்ற சிறுமியைக் கண்ட பிரபு, இத்துணைச் சிறியவளை வைத்துக்கொண்டு என் செய்வது என்று முகம் சுளித்தார். ஒருமுறை கேளுங்கள், பின் உம் விருப்பம் என்றார் குரோலியஸ். கேட்டபின் பிரபுவின் கண்ணிலும் நீர் வந்தது. 1830-ஆம் ஆண்டு முதல் அரசாங்கச் செலவிலேயே ஜென்னிக்கு இசையும் நடிப்பும் கல்வியும் அளிக்கப்பட்டன. பத்து வயதிலேயே சிறுவேடங்களில் மேடையேறினாள். பிறர் பேச்சைத் தன் பேச்சாகப் பேசும் வேடத்தில் அவளுக்குக் கூச்சம் குறைவு. ஜென்னியாகவே நிற்கும்போதுதான் துன்பம்.

1838-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள், பதினேழாம் வயதில், வெபர் இயற்றிய ‘டெர் பிரைஷுட்ஸ்’ என்னும் இசைநாடகத்தில் அகாதே என்னும் தலைமை வேடம் ஏற்றுப் பாடினார். அன்று காலையில் எழுந்தபோது தாம் ஒரு பிறவியாயும், இரவில் துயிலச் சென்றபோது வேறொரு பிறவியாயும் இருந்ததாக அவர் பிற்காலத்துக் கூறியதுண்டு. அந்நாளை இரண்டாம் பிறந்தநாள் என்றே வாழ்நாள் முழுதும் போற்றினார். இருபது வயது நிரம்புமுன்னரே சுவீடன் அரசவைப் பாடகி என்னும் பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

இத்துடன் கதை முடிந்திருப்பின் யாம் இக்கட்டுரை எழுதியிரோம். மூன்றாண்டுகள் ஓய்வின்றிப் பாடினமையால் குரல் தளர்ந்தது. தாம் கற்றது போதாது என்பதையும் அவரே உணர்ந்தார். ஊர்ஊராகச் சென்று பாடி வழிச்செலவுக்குப் பொருள் சேர்த்து, 1841-இல் பாரிசு நகர் சென்று மானுவேல் கார்சியாவை அடைந்தார். இவர் அக்காலத்துக் குரலாசிரியருள் தலைசிறந்தவர். பின்னர் 1854-இல் சிறு கண்ணாடி கொண்டு குரல்வளையின் இயக்கத்தைக் கண்ணாற் காணும் முறையைக் கண்டறிந்தவரும் இவரே. அவர் முன்னிலையில் ஜென்னி அம்மையார் பாடத் தொடங்கினார். ஸ்டாக்ஹோமில் பலமுறை பாடிய பாட்டுத்தான். இடையே குரல் முறிந்து நின்றது. உம் குரல் தேய்ந்துவிட்டது, உமக்குக் கற்பிப்பதில் பயனில்லை என்னும் கருத்துப்பட ஆசிரியர் உரைத்தார். தம் வாழ்நாளில் உற்ற துன்பம் அனைத்தும் அவ்வொரு நொடியின் துன்பத்திற்கு ஈடாகா எனப் பின்னாளில் தம் நண்பர் மெண்டல்சனிடம் அவர் கூறினார்.

அழுதுகொண்டே வேண்டியபோது கார்சியா ஒரு வழி சொன்னார். ஆறு வாரம் ஒரு சுரமும் பாடலாகாது, பேச்சையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும், அதன்பின் வருக. அரசவைப் பாடகி ஆறு வாரம் வாய்மூடி, அயல்நாட்டில் சிறு அறை ஒன்றில் பிரெஞ்சு இலக்கணம் படித்துக்கொண்டிருந்தார். ஆறு வாரம் சென்றபின் ஆசிரியர் மீண்டும் கேட்டு, நம்பிக்கை உண்டு என்றார். வாரத்திற்கு இரண்டு பாடம். பாடம் என்பதும் பாட்டன்று. ஆரோகணம், அவரோகணம், அவ்வளவே. மெல்ல மெல்ல, ஒவ்வொரு சுரத்தையும் நிறுத்தி, மூச்சு எங்கே பிறக்கின்றது, எங்கே செலவாகின்றது என்று கணக்கெடுத்து, முதல் வகுப்புக் குழந்தையைப் போல மீண்டும் தொடங்கினார். ஏறத்தாழப் பத்துத் திங்கள் இவ்வாறு கழிந்தன.

அச்சம் பாடுவோனிடத்து முதற்கண் கவர்ந்துகொள்வது மூச்சை. நெஞ்சு படபடக்க மூச்சு குறுகுகின்றது. மூச்சு குறுகவே தொண்டையின் தசைகள் அக்குறையை ஈடுசெய்யத் தாமே இறுகுகின்றன. இறுகிய தொண்டையில் சுரம் அசைகின்றது. அசைந்த சுரத்தைத் தன் காதாலேயே கேட்ட பாடகன் முன்னினும் அஞ்சுகின்றான். கிறிஸ்து பிறப்பு மாலையில் முதலடிக்கும் இரண்டாமடிக்கும் இடையே எமக்கு நேர்ந்தது இஃதே என்பதை இப்போது அறிகின்றோம். அன்று எமக்கு அஃது ஏதோ சாபம் போலத் தோன்றிற்று. கார்சியா மாணாக்கியின் அச்சத்தைக் குறித்து அறிவுரை ஒன்றும் புகட்டிற்றிலர். மூச்சை அவர் கைவசமாக்கிக் கொடுத்தார். அஞ்சும் நெஞ்சின் கீழும் அறியாமலே ஒழுங்காக இயங்கும் மூச்சு ஒன்று பத்துத் திங்களில் அவருக்கு வாய்த்தது. நெடுமூச்சில் இழைபோல் மெலிந்து சென்று அரங்கின் கடைக்கோடியையும் எட்டும் அவர்தம் மென்குரலே பிற்காலத்தில் உலகம் வியந்த குரல். 1842-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் மீண்டும் ‘நார்மா’ பாடியபோது, ஊரார் தம் பழைய பாடகியைப் புதியவராகக் கேட்டனர்.

குரல் சீர்ப்பட்டது, அச்சம் போயிற்றா? போகவில்லை. 1843-இல் டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகருக்குச் சென்றார். அங்கு நடன ஆசிரியர் போர்னொன்வில் என்பார் இல்லத்தில் தங்கினார். அவர் மனைவியார் சுவீடன் நாட்டவர். அரசவை அரங்கில் ஒருமுறை பாடுக என அவர் வேண்டியபோது ஜென்னி அம்மையார் அரண்டுபோனார். சுவீடனுக்கு வெளியே தாம் எங்கும் மேடையேறியதில்லை. தம் நாட்டில் எல்லாரும் அன்புடையோர். இங்கே சீழ்க்கையடித்து இகழ்ந்தால் என் செய்வது என்று கலங்கினார். சிறுவர் கதைகளால் உலகப்புகழ் பெற்ற ஹான்ஸ் ஆண்டர்சன் அப்போது உடனிருந்து கண்டு இச்செய்தியை எழுதி வைத்துள்ளார். நண்பர் பலர் கூடி வற்புறுத்த, முடிவில் ‘ராபர்ட்’ என்னும் மேயர்பீரின் இசைநாடகத்தில் ஆலிஸ் வேடத்தில் தோன்றினார். பிறர் டேனிய மொழியிற் பாட, இவர் தம் தாய்மொழியிலேயே பாடினார். இரு மொழிகளும் உடன்பிறந்தவை ஆதலின் யாருக்கும் குறை தோன்றவில்லை.

நகரம் முழுதும் அவர் வயமாயிற்று. மாணாக்கர் தீவட்டிகளுடன் இரவில் அவர் தங்கிய இல்லத்தின் முன் கூடிப் பாடி வாழ்த்தினர். அந்நகர மாணாக்கர் ஒரு பாடகிக்கு அவ்வாறு சிறப்புச் செய்தது அதுவே முதன்முறை. அவரும் சுவீடன் நாட்டுப் பாடல் சில பாடி நன்றி கூறினார். உடனே விரைந்து சென்று வீட்டின் இருண்ட மூலையொன்றில் நின்று அழுதார். அடுத்த முறை வரும்போது இப்போதினும் நன்றாகப் பாடத் தகுதி தேடிக்கொள்வேன் என்று விம்மினார். மூன்று வயதில் பியானோவின் அடியில் புகுந்த குழந்தையே இருபத்திரண்டாம் வயதில் இருண்ட மூலையில் நின்றது என்றால் மிகையாகாது. ஆண்டர்சன் அம்மையார்பால் வைத்த அன்பு கைகூடவில்லை. ஆயினும் ‘நைட்டிங்கேல்’ என்னும் அவரது கதை அவ்வாண்டே வெளிவந்தது.

அதன்பின் மேயர்பீரின் தூண்டுதலால் பெர்லின் நகரம் அழைத்தது. 1844 முதல் ஜெர்மனி எங்கும் அவர் புகழ் பரந்தது. ஒவ்வொரு நகரிலும் கதை ஒன்றே. முதலில் மறுப்பு, கண்ணீர், தகுதியில்லை என்னும் முறையீடு, பின்னர் மேடை, முதற்சுரம், அதன்பின் அச்சம் இருந்த இடம் தெரியாது. காண்போர்க்கு அழகற்றவராய், நாட்டுப்புறப் பள்ளிச்சிறுமி போலக் குறுகி நின்றவர், வாய் திறந்ததும் உருவமே மாறியவராய்த் தோன்றினார் எனக் கண்டோர் பலர் எழுதியுள்ளனர்.

லைப்சிக் நகரில் நிகழ்ந்தது ஒன்று எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1845 டிசம்பர் 4-ஆம் நாள் அந்நகரின் கெவான்ட்ஹவுஸ் மன்றத்தில், இசைமேதை பெலிக்ஸ் மெண்டல்சன் நடத்திய இசையரங்கில் அம்மையார் பாடினார். மறுநாளும், அம்மன்றத்து இசைவாணர் குடும்பங்களின் உதவி நிதிக்காக ஊதியம் பெறாது பாடினார். அன்றிரவு அவர் தங்கிய இல்லத்தின் முற்றத்தில் தீவட்டி ஏந்திய மாணாக்கர் திரள் கூடிற்று. வெளியே வந்து நாலு சொல் கூறி நன்றி செலுத்துதல் வேண்டும். மன்றம் நிறைந்தோர் முன் முதல்நாள் பாடியவர், இந்நாலு சொல்லுக்கு அஞ்சி நடுங்கி, மெண்டல்சனைத் துணை வேண்டினார். அவர் அம்மையாரின் கையைப் பற்றி மாணாக்கர் நடுவே அழைத்துச் சென்று, இச்சிறுபொழுது நானே ஜென்னி லிண்ட் எனக் கொள்க என்று சொல்லி, அவர் பொருட்டுத் தாமே நன்றி கூறினார். இதனை நகைச்சுவையாக எழுதுவோர் உளர். எமக்கு நகை வரவில்லை. அச்சமுற்றவனிடம் அஞ்சாதே என்பது எளிது. அவன் கையைப் பற்றிக்கொண்டு அவன் இடத்தில் ஒரு பொழுது நிற்பவர் எத்துணைப் பேர்?

அச்சத்தால் அவர் செய்த பிழையையும் மறைத்தல் ஆகாது. 1845 ஜனவரியில் பெர்லினில், இலண்டன் ட்ரூரி லேன் அரங்கின் தலைவரான ஆல்பிரெட் பன் என்பார் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சின்னாளில் அச்சம் பற்றியது. ஆங்கிலத்தில் பாடுதல் வேண்டும், மொழி பழகவில்லை, இலண்டனோ பெருநகர். ஒப்பந்தத்தினின்று விடுவிக்குமாறு எழுதினார், பன் இசையவில்லை. அம்மையாரும் செல்லவில்லை. ஈராண்டு கழித்து வேறோர் அரங்கில் பாட அவர் இலண்டனுக்கு வந்ததும் பன் வழக்குத் தொடுத்தார். 1848-இல் நீதிமன்றம் 2,500 பவுன் ஈட்டுத்தொகை கட்டுமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு முறையானதே என்பது எம் கருத்து. அஞ்சியவர் நல்லவர் என்பதற்காக, அவர் சொல்லை நம்பி அரங்கம் வைத்துக் காத்திருந்தவன் இழப்பு இழப்பன்று என ஆகிவிடாது.

அவர் இலண்டனில் பாடியது ஹெர் மெஜஸ்டிஸ் என்னும் அரங்கில். அதன் தலைவர் லம்லி பல திங்கள் முயன்று, மெண்டல்சனும் வற்புறுத்தவே இசைவு பெற்றார். 1847 ஏப்பிரல் 17-ஆம் நாள் அம்மையார் இலண்டன் சேர்ந்தார். நாள்கள் கழிந்தன, மேடையேறவில்லை. இன்று இல்லை, நாளை பார்ப்போம் என்னும் மறுமொழியால் லம்லி உறக்கம் இழந்தார். முடிவில் மே 4-ஆம் நாள், கோபன்ஹேகனில் தமக்கு வெற்றி தந்த அதே ஆலிஸ் வேடத்தில் தோன்றினார். விக்டோரியா அரசியாரும் அவர் கணவரும் வந்திருந்தனர். வாயிலில் நெரிசல் தாங்காமல் பலர் ஆடை கிழிந்தது. மெண்டல்சனும் அவையில் அமர்ந்திருந்தார். அன்றிரவு முதல் அப்பருவம் முழுதும் இலண்டனில் வேறு பேச்சில்லை.

அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் மெண்டல்சன் முப்பத்தெட்டாம் வயதில் இறந்தார். ‘எலியா’ என்னும் தம் திருமறை இசைநூலின் பெண்குரற் பகுதியை அவர் ஜென்னி அம்மையாரின் குரலை எண்ணியே அமைத்திருந்தார். அதை அவர் பாடக் கேளாமலே போயினார். நெடுநாள் நண்பரின் பாடல்களைத் தொடவும் இயலாதிருந்த அம்மையார், 1848 டிசம்பரில் இலண்டன் எக்ஸிட்டர் மன்றத்தில் ‘எலியா’வைப் பாடினார். அதனால் சேர்ந்த ஏறத்தாழ ஆயிரம் பவுன் மெண்டல்சன் பெயரால் இசைமாணவர் உதவிநிதிக்கு வித்தாயிற்று. 1856-இல் அந்நிதியின் முதற்பயனைப் பெற்ற சிறுவனே பின்னாளில் புகழ்பெற்ற ஆர்தர் சல்லிவன்.

பிறர்க்கென்று பாடுதல் அவர்தம் அச்சத்திற்கு ஒரு மருந்தாயிற்று என்று நினைக்க இடமுண்டு. 1845-இல் இரண்டாம் முறை கோபன்ஹேகனில் தங்கியபோது, கைவிடப்பட்ட குழந்தைகளைக் காக்கும் சங்கம் ஒன்றிற்காகப் பாடினார். அவ்விசையரங்கின் வருவாயால் பல ஆண்டுகளுக்கு அக்குழந்தைகளுக்கு உதவி கிடைக்கும் என்று கேட்டதும் அவர் கண்ணில் நீர் நிறைந்தது; தாம் இவ்வாறு பாட முடிவது அழகியதோர் பேறன்றோ என்று அன்று ஒருநாளே தம் குரலைத் தாமே பாராட்டிக்கொண்டார் என்கின்றார் ஆண்டர்சன். 1849-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் பாடி ஈட்டிய பொருளைக் கொண்டு 1854-இல் அங்கே குழந்தைகளுக்கு மருத்துவமனை எழுந்தது. பாடுவோன் தன் குரல் எவ்வாறு இருக்கின்றது என்று காது கொடுத்திருக்கும் வரையில் அச்சத்திற்கு இடமுண்டு. அக்குரல் எங்கே செல்கின்றது என்று நோக்கத் தொடங்கினால் அவ்விடம் சுருங்குகின்றது. இஃது எம் கருத்தேயன்றி நூலிற் கண்டதன்று.

1849 மே 10-ஆம் நாள், புகழின் உச்சியில், இருபத்தெட்டாம் வயதில், அவர் நாடக மேடையை விட்டு நீங்கினார். அன்று பாடியதும் ஆலிஸ் வேடமே. உலகம் திகைத்தது. சில ஆண்டுகள் கழித்துக் கடற்கரையில் மாலைவேளையில் மறைநூலை மடியில் வைத்துக்கொண்டு கதிரவன் மறைவதை நோக்கியிருந்த அவரை, ஏன் மேடையைத் துறந்தீர் என்று தோழி ஒருத்தி வினவினாள். அம்மையார் மடியிலிருந்த நூலையும் மேற்றிசை வானையும் காட்டி, மேடை இவற்றை மறக்கச் செய்தது என்னும் பொருள்பட விடையளித்தார். எம் கல்லூரியன்ன இடங்களில் இச்செய்தி விரும்பிக் கூறப்படுவது. அவர் பக்தியில் ஐயமில்லை. ஆயினும் பதினோராண்டு ஒவ்வோர் இரவும் அச்சத்தோடு போராடிய களைப்பும் அவ்விடையின் பின்னே இருந்தது எனக் கொள்வதால் அவர் பெருமை குறையாது. அச்சம் துரத்தியபோதெல்லாம் அவர் ஓடவில்லை; வென்று நின்ற பின்னரே தாமாக இறங்கினார்.

நாடகத்தை விட்டாரேயன்றிப் பாட்டை விட்டாரல்லர். அமெரிக்கக் காட்சி வணிகரான பார்னம், இரவு ஒன்றுக்கு 1,000 டாலர் வீதம் 150 இரவுகள் வரை பாடுமாறு ஒப்பந்தம் செய்து, மொத்தப் பொருளையும் முன்னரே வங்கியில் கட்டினார். 1850 செப்டம்பர் முதல் நாள் நியூயார்க்குத் துறையில் அவரைக் காண முப்பதினாயிரம் மக்கள் திரண்டனர் என்பர். முதல் அரங்கின் நுழைவுச்சீட்டுகள் ஏலத்தில் விடப்பட்டன. முதற்சீட்டைத் தொப்பி வணிகர் ஒருவர் 225 டாலருக்கு எடுத்தார். செப்டம்பர் 11-ஆம் நாள் காசில் கார்டன் என்னும் பெருமன்றத்தில், ஆயிரக்கணக்கானோர் ஆரவாரித்து எழ, முப்பதாம் வயதை எட்டும் நிலையிலிருந்த அவர் வந்து நின்றார். உலகின் பெருநகரங்களை வென்றவர். பாட எடுத்துக்கொண்டது பலமுறை பாடிய ‘நார்மா’வின் பாட்டு. முதல் வரியில் குரல் நடுங்கிற்று! பின்னர் மூச்சு தன் இடத்தைக் கண்டது, பாட்டு எழுந்தது, முடிவில் எழுந்த ஒலியில் அரங்கே அதிர்ந்தது. அன்றைய தம் பங்கான பதினாயிரம் டாலரை அந்நகரத்து அறநிலையங்களுக்கே அளித்துவிட்டார்.

இவ்விடத்தில் யாம் நூலை மூடி வைத்துச் சிறிது நேரம் இருந்தோம். பன்னிரண்டாண்டுப் பழக்கத்தின் பின்னும் முதல் வரி நடுங்கிற்று. அவர் இரண்டாம் வரியைப் பாடினார். எமக்கும் அவருக்கும் குரலில் உள்ள தொலைவு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆனால் அன்று முதல் வரியின் முடிவில் இருவரும் நின்ற இடம் ஒன்றே.

தொண்ணூற்றுக்கு மேற்பட்ட அரங்குகள் பாடியபின், பார்னமின் விளம்பர ஆரவாரம் பொறுக்காமல், 1851-இல் ஒப்பந்தப்படி ஈட்டுத்தொகை கட்டிப் பிரிந்து, தாமே அரங்குகள் நடத்தினார். அமெரிக்காவில் அவர் ஈட்டியது ஏறத்தாழ 3,50,000 டாலர். சுவீடன் நாட்டு ஏழைச் சிறுவர்க்குப் பள்ளிகள் ஏற்படுத்துதல் முதலிய அறங்களுக்கு அதிற் பெரும்பகுதி சென்றது. 1852-இல் பாஸ்டன் நகரில், தமக்குப் பியானோ வாசித்துவந்த ஆட்டோ கோல்ட்ஷ்மிட்டை மணந்தார். மேடையில் தம் மூச்சின் அளவை அறிந்து உடன் வந்தவரையே வாழ்க்கைத் துணையாகவும் கொண்டார் எனலாம். பின்னர் ஐரோப்பா திரும்பி இங்கிலாந்தில் குடியமர்ந்து மூன்று மக்களைப் பெற்றார். 1883-இல் இலண்டன் அரச இசைக் கல்லூரி தொடங்கியபோது அதன் குரலிசைப் பேராசிரியராயினார். அவ்வாண்டே மால்வெர்ன் என்னும் ஊரில் புகைவண்டித் தொழிலாளர் உதவிநிதிக்காகப் பாடியதே அவர் பொதுமக்கள் முன் கடைசியாகப் பாடியது. 1887 நவம்பர் 2-ஆம் நாள் அவ்வூரின் மலையடுத்த தம் இல்லத்தில் உயிர்நீத்தார். 1894-இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் புலவர் மூலை எனப்படும் இடத்தில் அவர் உருவம் பொறித்த கல் அமைக்கப்பட்டது. குரல் பதிக்கும் தட்டுகள் பரவுமுன் மறைந்தமையால் அவர் குரலைக் கேட்கும் பேறு நமக்கு இல்லை.

ஒரு செய்தியை இறுதியிற் கூறவென்றே வைத்திருந்தோம். 1876 ஏப்பிரல் 26-ஆம் நாள், இலண்டன் செயின்ட் ஜேம்ஸ் மன்றத்தில், செபாஸ்டியன் பாக் இயற்றிய பெருந்திருப்பலி இசை இங்கிலாந்தில் முதன்முறையாக முழுமையும் பாடப்பட்டது. நடத்தியவர் கோல்ட்ஷ்மிட். அதற்கெனத் திரட்டிய பாடகர் குழுவின் பெண்குரலினரைப் பல வாரம் பழக்கியவர் ஜென்னி அம்மையார். அரங்கேறிய அன்று தனிப்பாட்டுக்கள் வேறு பாடகியர்க்கு உரியவாயின. ஐம்பத்தைந்து வயதினரான அம்மையார், தாம் பழக்கிய பெண்களின் வரிசையில் ஒருவராக, கையில் ஏட்டுடன் நின்றார். எவரேனும் ஓரடியில் தளர்ந்தால் தாங்கிச் செல்ல அருகில் அக்குரல் இருந்தது. கணவர் கோலை உயர்த்தினார். வரிசை முழுதும் மூச்செடுத்தது. அவரும் அவர்களோடு மூச்செடுத்துப் பாடினார்.